லைன் மாறி மாறித் தாவுகிறது: ரவுட்டிங்கை நிலையாக நிறுத்துவது எப்படி?

கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தில் இரண்டு இன்டர்நெட் லைன்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டிலும் பிங் அனுப்பி, எதில் தாமதம் குறைவோ அந்தப் பக்கம் டீஃபால்ட் ரூட்டை (வெளியே போகும் இயல்பான பாதையை) மாற்றும்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. காலையில் நன்றாக இருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் லைன் மாறி மாறித் தாவுகிறது, வீடியோ கால் எல்லாம் அறுந்து போகிறது. ஸ்கிரிப்டில் பிழை எதுவும் தெரியவில்லை. பெரிய நெட்வொர்க்குகளில் ரவுட்டர்கள் இதைத் தானாகவே செய்கின்றன அல்லவா? அங்கே மட்டும் எப்படித் தாவாமல் இருக்கிறது?"

முதலில் உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு லைனும் 100 எம்பிபிஎஸ், பதினோரு மணிக்கு அலுவலகத்தின் தேவை 95 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முதல் லைனில் போகிறது. அதன் க்யூ (தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) நிரம்பி, பிங் (ஒரு சோதனைப் பாக்கெட் போய்வரும் நேரம்) 90 மில்லிசெகண்ட் காட்டுகிறது. இரண்டாவது லைன் சும்மா கிடக்கிறது, பிங் 12. ஸ்கிரிப்ட் மொத்த டிராஃபிக்கையும் இரண்டாவதுக்குத் தள்ளுகிறது. பத்து விநாடி கழித்து இரண்டாவது 90, முதலாவது 12. மறுபடி தள்ளுகிறது. இது நாள் முழுக்க நடக்கும். ஒவ்வொரு தடவையும் அளவு சரி, ஒப்பீடு சரி, முடிவு மட்டும் தப்பு. ஏனென்றால் அது அளக்கும் தாமதம் வெளியிலிருந்து வந்த தகவல் அல்ல. பத்து விநாடிக்கு முன் அதுவே எடுத்த முடிவின் விளைவு. "இரண்டாவது லைன் 12" என்பது அதில் யாரும் இல்லாதவரைதான் உண்மை.

கால் அறுவதற்கான காரணமும் இங்கேதான். லைன் மாறும்போது வெளியே தெரியும் உங்கள் ஐபி முகவரியும் மாறுகிறது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய முகவரியில் கட்டப்பட்டவை. எதிர்முனைக்கு அவை செத்துப்போனது போலத்தான். அதாவது நெரிசலைவிட மாற்றம்தான் உங்களுக்கு அதிக நஷ்டம் செய்கிறது. 90 மில்லிசெகண்டில் கால் கொஞ்சம் தடுமாறும், ஆனால் அறுந்து போகாது.

அடுத்தது, பெரிய நெட்வொர்க்குகளில் ரவுட்டர்கள் இதைத் தானாகச் செய்கின்றன என்ற எண்ணம். ஒரு காலத்தில் செய்தன. அந்தக் கதையை நெட்வொர்க் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் ஸ்கிரிப்ட் அதை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுகிறது.

1969-ல் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் தொடங்கியபோது, அதன் ரவுட்டர்களான ஐஎம்பிகள், ஒவ்வொரு லிங்க்கிலும் அந்தக் கணத்தில் எத்தனை பாக்கெட் வரிசையில் நிற்கிறது என்பதை வைத்தே பாதையைத் தேர்ந்தெடுத்தன. அண்டை நோடுகளோடு, அதாவது பக்கத்து ஐஎம்பிகளோடு, நொடிக்கு ஒரு தடவைக்கும் மேல் அட்டவணையைப் பரிமாறிக்கொண்டன. க்யூ நீளம் கணத்துக்குக் கணம் துள்ளும் ஒரு எண். அதை நம்பிப் பாதை மாற்றினால் பாக்கெட்டுகள் வட்டமடித்தன. 1979 மே மாதத்தில் பிபிஎன் நிறுவனத்தின் மெக்குவில்லன், ரிச்சர், ரோசன் மூவரும் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நோடும் தன் லிங்க்குகளின் தாமதத்தைப் பத்து விநாடி சராசரியாக அளந்து நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கும். எல்லோரும் அதே வரைபடத்தை வைத்துக் குறைந்த தாமதப் பாதையைக் கணக்கிடுவார்கள். இன்றைய ரவுட்டிங் நெறிமுறைகளான ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் ஆகியவற்றின் மூதாதை இதுதான். பத்து விநாடி, தாமதம், குறைந்த பாதை: உங்கள் ஸ்கிரிப்டில் இருப்பது இதே மூன்று விஷயங்கள்.

நெட்வொர்க்கில் கூட்டம் குறைவாக இருந்தவரை இது அருமையாக வேலை செய்தது. கூட்டம் ஏற ஏற, இரண்டு பகுதிகளை இணைக்கும் இரு லிங்க்குகளில் ஒன்று நிரம்பும், மற்றது காலியாகும், பிறகு தலைகீழாகும். இரண்டும் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்பட்டது. அதோடு, நிரம்பிய ஒரு 9.6 கேபிபிஎஸ் லிங்க்கின் விலை (பாதையைக் கணக்கிடும்போது அதற்குத் தரப்படும் எண்), காலியாகக் கிடக்கும் 56 கேபிபிஎஸ் லிங்க்கைப்போல 127 மடங்கு வரை ஏறியது. அதாவது அந்த ஒற்றை லிங்க்கைத் தவிர்க்க நூற்றுக்கும் மேற்பட்ட ஹாப் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு படி) சுற்றிப் போவதுகூட லாபம் என்று கணக்கு சொல்லும்.

1987 ஜூலையில் இதைத் திருத்தினார்கள். கன்னா, ஜிங்கி இருவரும் 1989-ல் வெளியிட்ட கட்டுரையில் அதன் விவரம் இருக்கிறது. என்னைக் கவர்ந்தது, பாதை கணக்கிடும் அல்காரிதத்தை அவர்கள் தொடவே இல்லை என்பதுதான். லிங்க்கின் விலையை எப்படி அறிவிப்பது என்பதை மட்டும் மாற்றினார்கள். புதிதாக அளந்ததையும் பழைய சராசரியையும் பாதிக்குப் பாதி கலந்தார்கள். எவ்வளவு நிரம்பினாலும் ஒரு லிங்க்கின் விலை, அது காலியாக இருக்கும்போது உள்ளதைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று கூரை வைத்தார்கள். ஒரு தடவையில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று படி வைத்தார்கள். லேசான கூட்டத்தில் விலை அசையவே அசையாது. அப்புறம், இறந்து பிழைத்து வரும் லிங்க் தன் உச்ச விலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் டிராஃபிக் ஒரேயடியாக அதன்மேல் வந்து விழாமல் படிப்படியாக வந்து சேரும்.

இதன் பின்னால் இருந்த யோசனை, கூட்டம் அதிகமான நேரத்தில் எல்லோருக்கும் மிகச் சிறந்த பாதையைத் தேடக்கூடாது, சராசரியாக எல்லோருக்கும் ஒரு நல்ல பாதை கிடைத்தால் போதும் என்பது. ஏனென்றால் "இந்தப் பாதைதான் சிறந்தது" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால், அந்த முடிவே அதைச் சிறந்ததாக இல்லாமல் ஆக்கிவிடும்.

பிற்பாடு இன்டர்நெட் இன்னும் ஒரு படி போய், நெரிசலைக் கவனிக்கும் வேலையையே பெரும்பாலும் ரவுட்டிங்கிடமிருந்து எடுத்துவிட்டது. ஓஎஸ்பிஎஃப்-ல் லிங்க்கின் விலை பொதுவாக அதன் பேண்ட்வித்தை வைத்து வரும் நிலையான எண். அதில் இப்போது எவ்வளவு போகிறது என்பது கணக்கில் வராது. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபிக்கு நெரிசல் என்றால் என்னவென்றே தெரியாது. நெரிசலைச் சமாளிப்பது இரு முனையிலும் இருந்து தரவை அனுப்பிப் பெறும் நெறிமுறையான டிசிபியின் பொறுப்பு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், 32 கேபிபிஎஸ் வேகம் 40 பிபிஎஸ்-க்கு விழுந்தது. அதைப் பார்த்து வான் ஜேக்கப்சன் 1988-ல் முன்வைத்த முறைகளின் வாரிசுகள்தான் இன்று உங்கள் லேப்டாப்பிலும் ஓடுகின்றன. டிசிபி மில்லிசெகண்டுகளில் பதில் சொல்கிறது. ரவுட்டிங், லைன் செத்தால் மட்டும் பதறுகிறது. டிராஃபிக்கைப் பங்கு போடுவதை ஆபரேட்டர்கள் நிமிடங்களிலோ நாட்களிலோ நிதானமாகச் செய்கிறார்கள். இந்த மூன்றும் வேறுவேறு வேகத்தில் ஓடுவதால்தான் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் இருக்கின்றன. உங்கள் ஸ்கிரிப்ட், டிசிபி வேலை செய்கிற அதே இடத்தில் நுழைந்து அதனோடு மல்லுக்கட்டுகிறது.

சரி, லைனே ஒழுங்காக இல்லாமல் விழுந்து எழுந்துகொண்டிருந்தால்? அதுதான் ஃபிளாப். உலக அளவில் இதன் பாடம் கொஞ்சம் சிக்கலானது. 1997-ல் வெளியிட்ட ஆய்வுக்காக லபோவிட்ஸும் அவர் கூட்டாளிகளும், நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளில் மாதக்கணக்கில் பிஜிபி செய்திகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை எந்த உண்மையான மாற்றத்தையும் காட்டாத வெற்று இரைச்சலாக இருந்தன. அந்தச் சூழலில் வந்ததுதான் ரூட் ஃபிளாப் டேம்பனிங் (அடிக்கடி விழுந்து எழும் பாதையைச் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும் முறை), 1998-ல் தரமாக எழுதப்பட்டது. ஒரு பிரிஃபிக்ஸ் (ஒரு நெட்வொர்க்கின் முகவரித் தொகுதி) மறைந்து வரும் ஒவ்வொரு தடவையும் அதற்கு 1000 புள்ளி அபராதம். பரவலாகப் பயன்பட்ட இயல்பு அமைப்பில் 2000-ஐத் தாண்டினால் அந்த ரூட் ஒதுக்கப்படும். அபராதம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். 750-க்குக் கீழே வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். மூன்று ஃபிளாப்பில் 3000 ஏறினால், 1500, பிறகு 750 என்று அரை மணி நேரம் அந்த நெட்வொர்க் வெளியில்தான்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பிஜிபியில் ஒரு நெட்வொர்க் மறையும்போது, தூரத்தில் இருக்கும் ரவுட்டர்கள் உடனே "இல்லை" என்று சொல்லிவிடுவதில்லை. நேரடிப் பாதை போனதும் அண்டை நெட்வொர்க் வழியாகச் சுற்றுப்பாதையை முயன்று பார்க்கும், அதுவும் போனதும் இன்னும் நீளமானதை எடுக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு அறிவிப்பு வெளியே போகும். ஆக, ஒரே ஒரு தடவை விழுந்து எழுந்த லைன், நாலு நெட்வொர்க் தள்ளி இருப்பவருக்கு நாலைந்து ஃபிளாப்பாகத் தெரியும். 2002-ல் மாவோ, கோவிந்தன், வர்கீஸ், காட்ஸ் நால்வரும் இதைக் காட்டினார்கள்: ஒருமுறை விழுந்து எழுந்த ஒழுங்கான நெட்வொர்க்கும் ஒரு மணி நேரம் வரை ஒதுக்கப்படலாம். நிலைத்தன்மைக்காக வைத்த காவல், தப்பே செய்யாதவரைப் பிடித்தது. 2006-ல் ஐரோப்பிய ஆபரேட்டர்களின் ரைப் அமைப்பு, டேம்பனிங்கைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

கதை அதோடு முடியவில்லை. பிறகு வந்த அளவீடுகளில், வெறும் 3 சதவீத பிரிஃபிக்ஸ்கள்தான் 36 சதவீத பிஜிபி செய்திகளுக்குக் காரணம் என்று தெரிந்தது. அதாவது காவல் வேண்டும், ஆனால் பொறி அத்தனை தாழ்வாக இருக்கக்கூடாது. 2013, 2014-ல் வந்த திருத்தப்பட்ட பரிந்துரைகள் ஒதுக்கும் வரம்பை 2000-லிருந்து குறைந்தது 6000-க்கு உயர்த்தின. பழைய எண்களை அப்படியே வைத்து டேம்பனிங்கை இயக்குபவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொரு சங்கதி. உங்களுக்குக் கிளை அலுவலகங்கள் இருந்து, எல்லாவற்றிலும் இதே ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் வசதியில்) ஓடினால், அவை எல்லாம் சரியாக ஒரே விநாடியில் விழிக்கும், ஒரே விநாடியில் தாவும். 1990-களின் தொடக்கத்தில் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் இதை ரவுட்டர்களிலேயே பார்த்தார்கள்: சரியாக 90 விநாடிக்கு ஒருமுறை பாக்கெட்டுகள் தொலைந்தன. தனித்தனியாகத் தொடங்கிய ரவுட்டர்களின் டைமர்கள் நாளடைவில் தாமாகவே ஒன்றோடொன்று கால் ஒத்துக்கொண்டு, எல்லாம் ஒரே சமயத்தில் அப்டேட் அனுப்பிக்கொண்டிருந்தன. மருந்து எளிது, டைமரில் தாராளமாகத் தற்செயலைக் கலக்க வேண்டும். பத்து விநாடி என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு தடவையும் 5-க்கும் 15-க்கும் இடையே ஏதோ ஒரு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள்.

ரவுட்டிங் செய்தியே நெட்வொர்க்கை முடக்கிய ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிலைத்தன்மை என்பது டைமர் விவகாரம் மட்டும் அல்ல. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்பாநெட் முழுவதும் பல மணி நேரம் படுத்துவிட்டது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் 6 பிட் வரிசை எண் இருந்தது, 0 முதல் 63 வரை போய் மறுபடி 0-வுக்கு வரும். அன்று 50-ஆம் எண் ஐஎம்பியின் அறிவிப்பு, அண்டையில் இருந்த 29-ஆம் எண் ஐஎம்பியின் பழுதான நினைவகத்தில் பிட் உதிர்ந்து, மூன்று வடிவங்களில் வெளியே போனது. வரிசை எண் 44, அதாவது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அது 8. இப்போது வட்டக் கணக்கைப் பாருங்கள்: 40-ஐவிட 44 புதியது, 8-ஐவிட 40 புதியது, 44-ஐவிட 8 புதியது. எந்த நோடும் எதைப் பெற்றாலும் "என்னிடம் இருப்பதைவிட இது புதியது" என்று ஏற்று எல்லோருக்கும் அனுப்பும். மூன்றும் முடிவே இல்லாமல் சுற்றின, ரவுட்டிங் வேலைக்குத்தான் முன்னுரிமை என்பதால் வேறு எதற்கும் நேரம் இல்லாமல் போனது. ஒவ்வொரு ஐஎம்பியிலும், 50-லிருந்து வருவதாகச் சொல்லும் அறிவிப்பைப் புறக்கணிக்கும்படி பேட்ச் போட்டுத்தான் மீட்டார்கள்.

லிங்க்கில் போகும்போது செக்சம் (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) இருந்தது, நினைவகத்தில் கிடக்கும்போது இல்லை. ஓஎஸ்பிஎஃப்-ஐத் திறந்து பார்த்தால் அன்றைய காயத்தின் தழும்புகள் தெரியும்: வட்டமடிக்காத 32 பிட் வரிசை எண், ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் வயது, ஒரே அறிவிப்பை 5 விநாடிக்குள் மறுபடி வெளியிடக்கூடாது என்ற தடை, 1 விநாடிக்குள் மறுபடி வந்தால் ஏற்கக்கூடாது என்ற தடை.

இனி உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். "லைன் செத்தது", "லைன் மந்தமானது" என்ற இரண்டையும் ஸ்கிரிப்டில் தனித்தனியாகப் பிரியுங்கள். செத்ததற்கு உடனே நகர வேண்டும், தயக்கமே வேண்டாம். ஐஎஸ்பியின் கேட்வேயை (அவர்கள் பக்கத்து முதல் ரவுட்டரை) மட்டும் பிங் செய்யாதீர்கள். அது உயிரோடு இருந்து அதற்கு அப்பால் எல்லாம் அறுந்திருக்கலாம். வெளியே இரண்டு மூன்று இலக்குகளைப் பாருங்கள், எல்லாமே அடுத்தடுத்து மூன்று தடவை பதில் தராவிட்டால் மாறுங்கள். திரும்புவதில்தான் நிதானம் வேண்டும். லைன் வந்தவுடன் ஓடிப்போகாமல், பத்து நிமிடமாவது இடைவிடாமல் ஒழுங்காக இருந்த பிறகு திரும்புங்கள். விழும் லைன் பெரும்பாலும் ஒரு தடவையோடு நிற்காது.

மந்தத்துக்கு லைன் மாற்றவே மாற்றாதீர்கள். இரண்டு லைனையும் எப்போதும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு இணைப்பும் தொடங்கும்போது ஒரு லைனில் ஒதுக்கப்பட்டு முடியும்வரை அதிலேயே இருக்கும்படி. ரவுட்டர்கள் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்கள் ஆகியவற்றை ஹாஷ் செய்து (ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி) இதைச் செய்கின்றன. உங்களிடம் லினக்ஸ் பெட்டியோ இரண்டு லைனை ஏற்கும் சாதாரண டூயல்-வான் ரவுட்டரோ இருந்தாலும் இந்த வசதி இருக்கும். வங்கித் தளங்கள் போல ஒரே முகவரியிலிருந்து எல்லாம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடங்களுக்காக, போர்ட்டை விட்டுவிட்டு இரு முகவரிகளை மட்டும் ஹாஷ் செய்வது நல்லது. 95 எம்பிபிஎஸ் தேவை 47, 48 என்று ஏறக்குறைய பாதியாகப் பிரிந்தால் உங்களுக்கு நெரிசலே இல்லை.

அதற்கு முன்னால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அந்த 90 மில்லிசெகண்ட் உண்மையில் எங்கே உருவாகிறது? பல அலுவலகங்களில் அது ஐஎஸ்பியின் நெட்வொர்க்கில் இல்லை, மோடத்தின் பெரிய பஃபரில் அப்லோடு பாக்கெட்டுகள் வரிசையில் நிற்பதுதான். உங்கள் ரவுட்டரிலேயே வெளியே போகும் வேகத்தை லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, வரிசையை நீளவிடாமல் வைக்கும் எஃப்கியூ-கோடெல் க்யூவைப் போட்டால், லைன் நிரம்பியிருக்கும்போதே பிங் பெருமளவு இறங்கிவிடும். அப்போது ஸ்கிரிப்ட் தீர்க்க நினைத்த பிரச்சினையே பாதி காணாமல் போகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

இத்தனைக்கும் பிறகு நெரிசலைப் பார்த்து நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், 1987-ன் வழியில் செய்யுங்கள். கடந்த சில நிமிடங்களின் சராசரியைப் பாருங்கள். போகும் வரம்பும் திரும்பும் வரம்பும் தூரத்தில் இருக்கட்டும்: லைனின் பயன்பாடு 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து நிமிடம் நின்றால் நகர்த்து, 50-க்குக் கீழே கால் மணி நேரம் நின்றால் திருப்பு என்பது போல. ஒரு நேரத்தில் ஒரு சிறு பங்கை மட்டும், அதுவும் புதிய இணைப்புகளை மட்டும் நகர்த்துங்கள். பேக்கப், விருந்தினர் வைஃபை இவற்றைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. வீடியோ காலைத் தொட்டால் எல்லோருக்கும் தெரியும்.

ஐஎஸ்பியோடு பிஜிபி வைத்திருந்தால், அதன் பாக்கெட்டுகளுக்கு க்யூவில் முன்னுரிமை கொடுங்கள். இல்லையென்றால் லைன் நிரம்பும்போது கீப்அலைவ் (உயிரோடு இருப்பதைச் சொல்லும் செய்தி) தொலைந்து செஷன் (பிஜிபி இணைப்பு) விழும், டிராஃபிக் வேறு பக்கம் ஓடும், லைன் காலியாகும், செஷன் எழும், டிராஃபிக் திரும்ப வந்து மறுபடி நிரப்பும். உங்கள் ஸ்கிரிப்ட் இல்லாமலேயே அதே தாவல். லிங்க் செத்ததை வேகமாகக் கண்டறியும் பிஎஃப்டி-யை 50 மில்லிசெகண்டில் வைத்து மூன்று தவறினால் விழு என்று அமைப்பது சொந்த ஃபைபருக்குச் சரி. மழைக்கு ஆடும் வயர்லெஸ் லிங்க்குக்கு அது ஃபிளாப்பை நீங்களே விலைக்கு வாங்குவது. அங்கே 300 மில்லிசெகண்டோ அதற்கு மேலோ வையுங்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவை லைன் மாற்றும்போதும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு வரியாக லாகில் எழுதச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மாற்றம் என்று கிராஃப் போடுங்கள். மேலே சொன்னதைச் செய்தபின் ஒழுங்கான நாளில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு மட்டும் ஏறினால் இன்னும் எங்கேயோ நெரிசலைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள் என்று அர்த்தம். நேரம் காலம் இல்லாமல் ஏறினால் லைனில்தான் கோளாறு. அந்த லாகை அப்படியே ஐஎஸ்பிக்கு அனுப்பிவிடுங்கள்.